ஏழு தடவை கூப்பிட்டேன்

நேற்று மணியாச்சி ஜங்ஷனில் எங்கள் ரயிலைத் தவறவிட்டோம். ரயிலை விட்டுவிட்டு இவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பிய குடும்பம் அந்த ஸ்டேஷன் கட்டின நாளிலிருந்து இருந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். ஏன் என்று இப்போதே சொல்லிவிட நாக்கு துடிக்கிறது. ஆனால் ஒன்பது மாதத்துக்கு முந்தைய ஆஸ்பத்திரிக் கதையிலிருந்து வந்தால்தான் உங்களுக்கு அதன் அருமை தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் பொறுத்துக்கொள்கிறேன். எனக்குத்தான் அது ரொம்பக் கஷ்டம்.

நான் அந்தோணிராஜ். கோவில்பட்டியில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு செய்கிறவன். ஜவுளிக்கடை திறப்பு, கோயில் கொடை, சர்ச் அசன விருந்து, குடிதண்ணீர் வராத நாள், காணாமல் போன எருமை, எல்லாவற்றுக்கும் என் தொண்டைதான். வீட்டுக்கு வந்தாலும் இந்த மனுஷனுக்கு மைக்கை அணைக்கத் தெரியாது என்பது என் மனைவி ரீத்தாவின் நிரந்தரப் புகார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த ஒரே மகள் ஜெனிட்டா, எங்களுக்கு ஜெனி, இரண்டே கால் வயசு ஆகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. "வீட்டுல உள்ள பேச்சையெல்லாம் நீயே பேசித் தீத்துட்டா பிள்ளைக்கு என்னடே மிச்சம் இருக்கும்?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ரீத்தா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தீக்குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன்னால், மரச் சட்டத்தில் வரிவரியாக ஒவ்வொரு குச்சியையும் ஒன்றையொன்று தொடாமல், மட்டம் பிசகாமல் நிறுத்த வேண்டும். அதுதான் கட்டை அடுக்குவது. வேகமாகக் கட்டை அடுக்குகிற கைக்கு எங்கள் ஊரில் தனி மரியாதை. வளைந்துபோய்க் கழித்த வெறுங்குச்சிகளை ரீத்தா வீட்டுக்குக் கொண்டு வருவாள். ஜெனி நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் குச்சிகள்தான் அவளுக்கு உலகம். தரையில் உட்கார்ந்து ஒரு முழ நீளத்துக்கு வரிசை வைப்பாள். இடைவெளி ஒரு நூல் பிசகாது. யாராவது ஒரு குச்சியை நகர்த்திவிட்டால் வீடு ரெண்டுபடும்.

தெருவே மெச்சியது. "ஆத்தாள மாதிரியே கட்டை அடுக்குதா பாரேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா நெட்டி முறித்தாள். ஆபீஸ் கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டு, "இப்பவே இவளுக்கு ஒரு கட்டை குடுக்கலாம் போலயே" என்று சிரித்தார். எனக்கு மண்டையில் கிரீடம் வைத்தது போல இருந்தது. நாற்பது விநாடிக்கு வீடியோ எடுத்து, 'பிறவி வேலைக்காரி' என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தேன். வேறு ஊரில் ஒரு பிள்ளை இப்படி மணிக்கணக்காகக் குச்சி அடுக்கினால் யாராவது ஒருத்தராவது என்ன ஏது என்று யோசித்திருப்பார்கள். தீப்பெட்டி ஊரில் யார் யோசிப்பது?

போன மழைக்காலத்தில் ஜெனிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாவது நாளும் விடவில்லை. ரத்தத்தில் டெங்கு என்று வந்ததும் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் சேர்த்தார்கள். ஊசி குத்தினபோது ஜெனி கத்தின கத்தலில் என் மைக் தோற்றது. ஆனால் அழுதுகொண்டே அம்மாவிடம் தாவவில்லை. சுவர் பக்கம் திரும்பி, சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதாள். ஊசி போட்ட பேச்சியம்மாள் சிஸ்டர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் கவனித்தேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

அந்த வார்டில் மற்ற பிள்ளைகள் அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டு சிணுங்கின. ஜெனி மட்டும் குளுக்கோஸ் பாட்டிலில் சொட்டுச் சொட்டாக விழுவதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "என்ன சமத்தான பிள்ளை" என்று வார்டே பாராட்டியது. நான் வெட்கமில்லாமல் அந்தப் பாராட்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

குழந்தை டாக்டர் நாற்பது வயசுக்குள் இருக்கிற அம்மா. அதட்டிப் பேச மாட்டார், ஆனால் கேள்வி கேட்டால் விட மாட்டார். ஜெனிக்குச் சூடு இறங்கின அன்று நான் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தேன். "உட்காருங்க. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வருகிற இரண்டு நாள்தான் ரொம்பக் கவனமா இருக்கணும்" என்றார். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் அப்போதுதான் குறையுமாம், ரத்தக் குழாயிலிருந்து நீரும் கசியுமாம். காலையும் சாயங்காலமும் ரத்தம் எடுத்தார்கள். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. அந்த இரண்டு நாளும் நான் பேசவே இல்லை என்று ரீத்தா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

ரீத்தாவின் அண்ணன் சேசு மச்சான் எப்போதும்வென்றான் என்கிற ஊரில் விவசாயம் பார்க்கிறார். உளுந்துக் காட்டில் களையெடுப்பு நேரம், தலைக்கு மேல் வேலை. ஆனாலும் தினமும் விடிந்ததும் பைக்கில் தூக்குச்சட்டியோடு வந்து நிற்பார். கரிசல் சேறு ஒட்டிய செருப்பை வாசலில் போட்டுவிட்டு விரல் நுனியில் நடந்து வருவார். "சாப்பிடு மாப்ள. நீ பட்டினி கெடந்தா பிள்ளைக்கு ரத்தம் ஏறிருமா?" என்று இட்லியைப் பிரித்து வைப்பார். அந்த மனுஷனை நான் அதுவரை வாய் செத்த ஆள் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை எண்ணிக்கை ஏறியது! நான் ஓடிப்போய்க் கடலை மிட்டாய் வாங்கி வந்து வார்டு முழுக்கக் கொடுத்தேன். பேச்சியம்மாள் சிஸ்டர் திட்டத் திட்ட அவருக்கும் ஒன்று கொடுத்தேன். ஜெனி கட்டிலில் உட்கார்ந்து, ரீத்தா கொண்டு வந்திருந்த குச்சிகளை விரிப்பின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை.

"டாக்டரம்மா, இது என்ன அடுக்கு? வீட்டுல அடுக்கினதைப் பாருங்க" என்று போனை நீட்டினேன்.

அவர் பார்த்தார். பிறகு, "இன்னொரு தடவை போடுங்க. சத்தத்தோட" என்றார்.

போட்டேன். அதில் என் குரல் கணீரென்று கேட்கிறது. "ஜெனி! ஜெனிக்குட்டி! ஏட்டி, இங்க பாரு! ஜெனி! அப்பாவப் பாரு! ஜெனிக்குட்டி! ஜெனீ!"

"எத்தனை தடவை கூப்பிடுறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

நான் எண்ணினதே இல்லை. அவர் மூன்றாவது தடவை போடச் சொல்லி விரல் விட்டு எண்ணினார். ஏழு. நாற்பது விநாடியில் ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறேன். ஊருக்கே கேட்கிற குரல், இரண்டு அடி தள்ளி நின்று. ஜெனி ஒரு தடவைகூடத் தலை நிமிரவில்லை. எத்தனையோ பேர் பார்த்த வீடியோ அது. நானே நூறு தடவை பார்த்திருப்பேன். எங்கள் எல்லோருடைய கண்ணும் குச்சி மேலேயே இருந்திருக்கிறது.

"வேணும்கிறதை விரல் நீட்டிக் காட்டுவாளா?" என்று டாக்டர் அடுத்துக் கேட்டார்.

"இல்லைம்மா. எங் கையப் பிடிச்சுக் கொண்டுபோயி டப்பா மேல வச்சிருவா" என்றாள் ரீத்தா.

"காக்கா, நாய், ஏரோப்ளேன் எதையாவது பார்த்துட்டு, அம்மா நீயும் பாருன்னு காட்டுவாளா?"

ரீத்தா என்னைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. "டாக்டரம்மா, நாங்க காய்ச்சலுக்குலா வந்தோம்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"காய்ச்சலுக்குத்தான் வந்தீங்க. ஆனா பிள்ளை முழுசாத்தானே வந்திருக்கு?" என்றார் அவர். கோபப்படவில்லை. ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை எந்த நோய்க்கு வந்தாலும் பேச்சு, பார்வை, விளையாட்டு எப்படி இருக்கிறது என்று கேட்பது தன் வேலை என்றார். இது இன்னதுதான் என்று இப்போதே சொல்ல முடியாது, ஆனால் பார்க்காமல் விடக்கூடாது என்று, தூத்துக்குடியில் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற மையத்துக்குச் சீட்டு எழுதினார்.

டெங்கு போயிற்று. வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு வைத்தியம் காத்திருந்தது. நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னார் ஒருவர். மூணு வயசில் தானாகப் பேசும் என்றார்கள் நாலு பேர். எனக்கும் அந்த நாலு பேர் பக்கம் சாய ஆசைதான். சேசு மச்சான்தான் முடிவு கட்டினார். "மாப்ள, பயிர் வாடுதுன்னு தெரிஞ்ச பெறவு மழை வருமா வராதான்னு வானத்தப் பாத்துக்கிட்டா நிப்போம்? சீட்டக் கையில வச்சிக்கிட்டு என்னத்துக்கு யோசிக்க? நான் ஸ்டேஷன்ல கொண்டுவிடுதேன், நீங்க போங்க."

தூத்துக்குடி மையத்தின் கூடத்தில் அத்தனை பெஞ்சிலும் எங்களைப் போலவே ஆட்கள். ஒரு பிள்ளை ஃபேனுக்குக் கீழே சுற்றிச் சுற்றி ஓடியது. ஒன்று காதைப் பொத்திக்கொண்டு அழுதது. ஜெனி மாதிரி இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பயமும் ஆறுதலும் ஒரே நேரத்தில் வந்தது.

முதலில் காது. ஜெனியைத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்ன வயர்களை ஒட்டி, காதுக்குள் டிக்டிக் என்று சத்தம் அனுப்பி, மூளை அதைக் கேட்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. காது நன்றாக இருந்தது. நான் துள்ளினேன். ரீத்தா துள்ளவில்லை. "காது நல்லா இருந்தும் நாம கூப்பிட்டா திரும்பலையே" என்றாள். அவள் எப்போதும் என்னைவிட ஒரு அடி முன்னால் யோசிப்பாள்.

பிறகு ஒரு டாக்டர் தரையில் உட்கார்ந்து ஜெனியோடு ஒரு மணி நேரம் விளையாடினார். சோப்பு நுரை ஊதினார், பொம்மைக்குச் சோறு ஊட்டினார், கார் உருட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஜெனி என்ன செய்கிறாள் என்று குறித்துக்கொண்டார். எங்களிடம் ஒரு கத்தைக் கேள்வி. கடைசியில் 'ஆட்டிசம்' என்றார்.

அந்தச் சொல்லை ரீத்தா கேட்டதே இல்லை, நான் அரைகுறையாகக் கேட்டிருந்தேன். டாக்டர் புரியும்படி சொன்னார். இது காய்ச்சல் மாதிரி வந்து போகிற நோய் இல்லை. மூளை வளர்கிற விதமே வேறு மாதிரி. மற்ற மனுஷர்களோடு பார்வையாலும் பேச்சாலும் சேர்ந்துகொள்வது இந்தப் பிள்ளைகளுக்குத் தானாக வருவது கஷ்டம். ஆனால் சின்ன வயதிலேயே, அவர்களுக்கு ஏற்ற மாதிரிச் சொல்லிக் கொடுத்தால் நிறையக் கற்றுக்கொள்வார்கள். எவ்வளவு தூரம் என்று இன்றைக்கே யாராலும் சொல்ல முடியாது.

ரீத்தா தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். "நான் குச்சியக் கொண்டுவந்து போட்டதாலயா சார்?"

என் மனசில் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. அவள் கேட்டதும் நானும் கொட்டிவிட்டேன். "என் மைக் சத்தமா சார்?"

"குச்சியும் இல்லை, மைக்கும் இல்லை. நீங்க ரெண்டு பேரும் செஞ்ச எதனாலயும் இல்லை" என்றார். வெளியே வந்து இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதோம். இவள் வாழ்நாள் முழுக்க நம் பக்கம் திரும்பாமலே இருந்துவிடுவாளோ என்ற ஒரே பயம்தான். பேசாவிட்டால்கூடப் போகட்டும், என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ரீத்தா குச்சி அத்தனையையும் அள்ளி அடுப்புக்குள் போட்டாள். ஜெனி இரண்டு நாள் அழுதாள். அடுத்த வாரம், மையத்தில் ஜெனிக்குப் பயிற்சி கொடுக்க வந்த தெரபிஸ்ட் சுகந்தியிடம் ரீத்தா அதைப் பெருமையாகச் சொன்னபோது, அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டது.

"ஐயோ அக்கா, அவ வீட்டுக்கு இருக்கிற ஒரே வாசலை அடைச்சிட்டீங்களே! மறுபடியும் கொண்டு வாங்க. அவ உங்க எடத்துக்கு வரலைன்னா நீங்க அவ எடத்துக்குப் போங்க."

பாடம் இதுதான். ஜெனிக்கு எதிரே, அவள் முகத்துக்கு நேராக நான் தரையில் உட்கார வேண்டும். குச்சி எல்லாம் என் கையில். ஒரே ஒரு குச்சியை என் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, 'குச்சி' என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்ல வேண்டும். பிறகு மனசுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

"சும்மான்னா?" என்று கேட்டேன்.

"சும்மான்னா சும்மா அண்ணே. வாயத் தொறக்கக் கூடாது. நீங்க விடாம பேசினா அவளுக்கு எதைப் பிடிக்கிறதுன்னு தெரியாது. ஒரு வார்த்தை சொல்லிட்டு அவளுக்கு நேரம் குடுங்க."

ரீத்தா இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். "இவிய பத்து எண்ணுத வரைக்கும் பேசாம இருந்தா நான் நேர்ந்துக்கிட்டு மலையேறி வாரேன் டீச்சர்" என்றாள்.

இருந்தேன்! முதல் வாரம் நாலு எண்ணுவதற்குள் வாய் திறந்துவிடும். ரீத்தா பின்னாலிருந்து முதுகில் குத்துவாள். மைக்கில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து, சாயங்காலம் வாயைப் பூட்டிக்கொண்டு உட்காருவேன். ஜெனி குச்சியைப் பறிக்கப் பார்த்தாள், அழுதாள், எழுந்து போனாள். ஒரு மாதம் வரைக்கும் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் பறிக்காமல் கையை நீட்டினாள். இன்னொரு நாள், நான் எட்டு எண்ணியபோது, அவள் பார்வை குச்சியிலிருந்து வழுக்கி என் கண்ணுக்கு வந்தது. அரை விநாடி இருக்கும். நான் குச்சியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிப்போய்த் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பாத்துட்டா! என் மக என்னியப் பாத்துட்டா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று கரண்டியோடு ஓடி வந்தாள்.

வாரா வாரம் ரயில்தான். சேசு மச்சான் கோவில்பட்டி ஸ்டேஷனில் இறக்கிவிடுவார், மணியாச்சியில் இறங்கித் தூத்துக்குடி வண்டி மாற வேண்டும். வழியில் கடம்பூரில் போளி வரும். ஜெனிக்கு அது உயிர். முன்பெல்லாம் என் கையைப் பிடித்து இழுத்து ஜன்னல் பக்கம் தள்ளுவாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், போளிக்காரர் வந்ததும் சுட்டு விரலை நீட்டினாள். நேராக, போளித் தட்டைப் பார்த்து! நான் ஆறு போளி வாங்கிவிட்டேன். சுகந்திக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தப் பெண் சந்தோஷமாகத் தின்றுவிட்டுச் சொன்னது. "பெரிய விஷயம் அண்ணே. ஆனா இது கேட்கிற விரல். எனக்கு வேணும்னு நீட்டுறது. இன்னொண்ணு இருக்கு, காட்டுற விரல். தனக்கு ஒண்ணும் வேண்டாம், ஆனா நான் பார்த்ததை நீயும் பார்க்கணும்னு நீட்டுறது. நீட்டிட்டு உங்க முகத்தைத் திரும்பிப் பார்ப்பா. அது வரட்டும்."

அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். நடுவில் நம்ம ஊர் டாக்டரம்மாவிடம் போய், "நான் மைக்ல சொல்லலாமா?" என்று கேட்டேன். அவர் நாலு வரி எழுதிக் கொடுத்தார். இப்போது எந்த ஊருக்கு அறிவிப்புக்குப் போனாலும், ஜவுளித் தள்ளுபடியைச் சொல்லி முடித்ததும் அதையும் சொல்லிவிடுவேன்: "ஒன்றரை வயதுப் பிள்ளை பேர் சொன்னால் திரும்புதா? விரல் நீட்டிக் காட்டுதா? இல்லையென்றால் பயப்படாதீங்க, காத்துக் கிடக்கவும் செய்யாதீங்க, குழந்தை டாக்டரிடம் கேளுங்க!" கடைக்காரர்கள் முறைக்கிறார்கள். போன மாதம் எப்போதும்வென்றானில் ஒரு இளம் தகப்பன் ஆட்டோவை மறித்து, "அண்ணாச்சி, அந்தக் கடைசியா சொன்னதை இன்னொரு மட்டம் சொல்லுங்க" என்றான். ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு அரை மணி நேரம் சொன்னேன்.

இப்போது நேற்றைக்கு வருவோம். மணியாச்சி. ஆடிக் காற்று பிளாட்பாரத்தில் புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. தூத்துக்குடி வண்டிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ரீத்தா பாட்டிலை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போயிருந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன். ஜெனி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எதிரே இருந்த பெஞ்சில் ஒரு ஆட்டுக்குட்டி ஏறியது. யார் வீட்டு ஆடோ தெரியவில்லை, பயணிக்குப் பயணியாக பெஞ்சின் மேல் நின்றுகொண்டு தண்டவாளத்தைப் பார்த்தது.

என் முழங்காலில் ஒரு தட்டு. நிமிர்ந்தேன். ஜெனியின் விரல் நீண்டிருந்தது. ஆட்டைப் பார்த்தாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி ஆடு. மறுபடி நான். அவளுக்கு அந்த ஆடு வேண்டாம், கிட்டப் போகக்கூட இல்லை. அப்பா பார்த்தாச்சா என்று மட்டும்தான் பார்த்தாள்.

நான் அவளை ஏழு தடவை கூப்பிட்ட வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. நேற்று நான் கூப்பிடவே இல்லை, அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஆடு" என்றேன். ஒரே ஒரு வார்த்தை. அதற்கு மேல் வாயைத் திறக்காமல் பத்து எண்ணினேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவள் சிரித்தாள்.

பத்து முடிந்ததும் போட்டேன் பாருங்கள் ஒரு சத்தம், "ரீத்தா!" என்று. பிளாட்பாரமே திரும்பியது. அவள் பாட்டிலை எறிந்துவிட்டு ஓடி வந்தாள். "பிள்ளைக்கு என்னாச்சு?"

"காட்டினா! ஆட்டைக் காட்டினா!"

"எங்க? எங்கன?"

என் சத்தத்தில் குட்டி இறங்கி ஓடிவிட்டது. பெஞ்ச் காலி. ரீத்தாவின் முகம் விழுந்துபோனது. ஒன்பது மாதம் காத்திருந்ததை ஒரு பாட்டில் தண்ணீருக்காக விட்டுவிட்டாளே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் தூத்துக்குடி வண்டியும் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நாங்கள் பையைக்கூட எடுக்கவில்லை.

ஜெனி அம்மாவின் சேலையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். பிளாட்பாரத்தின் கடைசியில், வேப்பமரத்துக்குக் கீழே, அந்தக் குட்டி நின்றுகொண்டிருந்தது. அவள் விரலை நீட்டினாள். பிறகு நிமிர்ந்து ரீத்தாவின் முகத்தைப் பார்த்தாள், அம்மாவும் பார்க்கிறாளா என்று.

ரீத்தா அப்படியே தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வண்டி எங்களை விட்டுவிட்டுப் போனது.

சுகந்திக்குப் போன் போட்டேன். "டீச்சர், வண்டிய விட்டுட்டோம். இன்னிக்கு வகுப்புக்கு வர முடியாது."

"ஏன் அண்ணே, என்ன ஆச்சு?"

"ஜெனி எங்களுக்கு ஆடு காட்டினா. எனக்கு ஒரு தடவை, அவ அம்மாவுக்கு ஒரு தடவை. திரும்பி மூஞ்சியப் பாத்தா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நானும் பேசாமல் இருந்தேன். பத்து எண்ணி முடித்திருப்பேன்.

"அப்போ இன்னிக்கு வகுப்பு முடிஞ்சிருச்சு" என்றது சுகந்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "வீட்டுக்குப் போங்க."